வீர வாலிபர் டெர்ரி பாக்ஸ்

வீரம் போர்க்களத்தில் மட்டுமே விளைவதென்று எண்ணுவோர் பலர். வைத்தியசாலைக் கட்டிலிலும் அது விளையும் என்பதற்குக் கனடா தேசத்து டெர்ரி பாக்ஸின் சரித்திரம் போதிய சான்றாகும்.

1958 ஜூலை 28-ல் வின்னிபெக் நகரில் பிறந்த டெர்ரி, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலுள்ள போர்ட் கொகுவிட்லத்தில் வளர்ந்தார். உயரம் குறைந்தவராயினும் விடாமுயற்சியால் கூடைப்பந்துக் குழுவில் இடம் பெற்றார். சைமன் பிரேசர் சர்வகலாசாலையில் பயிலுகையில், 1977 மார்ச்சு மாதத்தில், அவரது வலது காலில் எலும்புப் புற்றுநோய் கண்டது. வயதோ 18. முழங்காலுக்கு மேலே கால் துண்டிக்கப்பட்டது.

சத்திர சிகிச்சைக்கு முந்திய இரவு அவரது பந்தாட்ட ஆசான் ஒரு சஞ்சிகையைக் கொணர்ந்து கொடுத்தார். கால் இழந்த ஒருவர் நியூயார்க் நெடுந்தூர ஓட்டத்தில் ஓடிய வரலாறு அதில் இருந்தது. ஆறுதல் மொழிகள் ஆயிரம் செய்ய இயலாததை அந்த ஏடு செய்தது. பின்னர் ரிக் ஹான்சன் என்னும் வாலிபர், சக்கர நாற்காலியில் அமர்ந்து பந்தாட வருமாறு அழைத்தார். இரங்கி நிற்பதினும் உடன் அழைத்துச் செல்வதே உதவி என்பதை இவ்விருவரும் உணர்ந்திருந்தனர்.

பதினாறு மாத மருந்துச் சிகிச்சையின்போது, தம்மினும் இளையோர் பலர் படும் துன்பத்தை டெர்ரி கண்ணாரக் கண்டார். தமக்குப் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 50 என்றும், இரண்டாண்டுகளுக்கு முன் அது 15 மட்டுமே என்றும் வைத்தியர்கள் கூற அறிந்தார். இவ்வேற்றுமையை விளைத்தது ஆராய்ச்சியே. ஆராய்ச்சிக்கு வேண்டுவது பொருள். ஆகவே தேசமெங்கும் ஓடிப் பொருள் திரட்டத் துணிந்தார். முதலில் தடுத்த தாயாரும் பின்னர் இசைந்தார்.

1980 ஏப்ரல் 12-ல் செயின்ட் ஜான்ஸ் நகரில் அட்லாண்டிக் கடல்நீரில் செயற்கைக் காலை நனைத்து ஓட்டத்தைத் தொடங்கினார். நாள்தோறும் ஏறக்குறைய 42 கிலோமீட்டர் ஓடினார். நண்பர் டக் ஆல்வர்ட் வண்டியோட்டி உடன் சென்றார். தொடக்கத்தில் சில இடங்களில் கவனிப்பாரே இல்லை. ஒண்டாரியோவிலோ ஜனங்கள் திரள் திரளாக எதிர்கொண்டனர். தம் பெயரை விளம்பரத்துக்கு விலை பேசிய வியாபாரிகளை அவர் ஏற்கவில்லை.

143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தபின், செப்டம்பர் 1-ல் தண்டர் பே நகருக்கருகில் ஓட்டம் நின்றது. நோய் நுரையீரலைப் பற்றியிருந்தது. கனடியர் ஒவ்வொருவரும் ஒரு டாலர் தரவேண்டுமென்பது அவர் அவா. 1981 பிப்ரவரிக்குள் 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்து அது நிறைவேறியது. அவ்வாண்டு ஜூன் 28-ல், 23 வயது நிரம்ப ஒரு மாதமிருக்கையில், அவர் காலமானார். அவர் பெயரால் அதே செப்டம்பரில் தொடங்கிய ஓட்டம் ஆண்டுதோறும் பல தேசங்களில் நடைபெறுகிறது.

பாலர்க்கு விளையாட்டுப் பொருள் ஆறுதல் தரலாம். முதியோர்க்கு வாழ்ந்த வாழ்வின் நினைவு ஆறுதல் தரலாம். படிப்பும் தொழிலும் மணவாழ்வும் எதிரே காத்திருக்கும் பருவத்தில் நோயுற்றவனுக்கு இவை இரண்டுமே பயன்படா. அவனுக்கு வேண்டுவது தோழமை, உண்மை, செய்வதற்கு ஒரு காரியம். நம் வீதியில் அத்தகைய வாலிபன் இருப்பானாயின், விதியென்று பெருமூச்செறிந்து விலகற்க. நோயை மறைக்கும்படி அவனைத் தூண்டற்க. நண்பர்கள் அவன் வாயிலை மிதிக்கட்டும். கல்லூரி அவன் இடத்தைக் காத்து வைக்கட்டும். நாம் ஆராய்ச்சிக்கு நம் பங்கை அளிப்போம். டெர்ரிக்கு நாம் செலுத்தக்கூடிய மெய்யான அஞ்சலி இதுவே.