உயிரணுவின் ஆற்றலைக் கண்டவர்

நுழையும்முன்

மனித உடலின் மிகச்சிறிய வீடு உயிரணு. அவ்வீட்டில் அடுப்பு எரிவது எப்படி, வளர்ச்சி நிகழ்வது எப்படி என்னும் வினாக்களுக்கு விடை தேடித் தம் வாழ்வைச் செலவிட்டவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். சென்னையில் மருத்துவம் பயின்று, கடல் கடந்து சென்று, புகழை நாடாது உழைத்த அவ்வறிஞரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கரிசல் எழுப்பும் வினா

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையின் இருமருங்கும் வானம் பார்த்த பூமி விரிந்து கிடக்கிறது. மழை பெய்தால் கண்மாய் நிறையும்; பொய்த்தால் கரிசல் வாய்பிளக்கும். வெயில் ஏறுமுன் மண்வெட்டியோடு காட்டில் இறங்கும் உழவரும், தறியின் மிதிக்கட்டையை நாள்முழுதும் மிதிக்கும் நெசவாளரும் தம் உடலையே முதலாகக் கொண்டு வாழ்பவர்கள். காலையில் குடித்த கம்பங்கூழ், உச்சிப்பொழுதில் மண்வெட்டியை உயர்த்தும் வலிமையாக மாறுவது எவ்வாறு? எளியதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்புவரை தெளிவான விடை இல்லை.

இளமையும் இழப்பும்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். குடும்பத்தை வறுமை வாட்டியது. பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தோற்ற அவர், சென்னைக்கு வந்து மூன்றாம் முயற்சியில் வென்றார். மாநிலக் கல்லூரியில் பயின்றபின் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவர்தம் படிப்புக்கு மாமனார் குடும்பம் பொருளுதவி செய்தது.

அக்காலத்தில் அவர் வீட்டில் பேரிடி விழுந்தது. உடன்பிறந்தார் இருவர் ஸ்புரூ என்னும் குடல்நோயால் அடுத்தடுத்து மாண்டனர். உண்ட உணவின் சத்தைக் குடல் உறிஞ்ச இயலாமற்போய், குருதி குன்றி, உடல் உருகும் நோய் அது. மருத்துவம் பயிலும் ஒருவர், தம் உடன்பிறந்தாரைக் காக்க வழியறியாது நின்றார். அந்த இயலாமையே அவரை ஆய்வின்பக்கம் திருப்பியது எனலாம்.

காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடையே உடுத்தி அறுவைக்கூடத்திற்குச் சென்றதால், பேராசிரியர் ஒருவரின் சினத்திற்கு ஆளானார். மற்றத் தேர்வுகளில் சிறந்து விளங்கியும், எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கு மாறாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. கதரைக் கைவிட்டிருந்தால் பட்டம் கைக்கு வந்திருக்கலாம், அவர் கைவிடவில்லை. பின்னர்ச் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்தார்.

தசையின் கருவூலம்

1920களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவம் பயின்றார். கையில் பொருளில்லை, மருத்துவமனையொன்றில் இரவுப் பணியாளராக வேலைசெய்து வயிற்றைக் கழுவினார். பகலில் ஆய்வுக்கூடம், இரவில் கூலிவேலை என நாள்கள் நகர்ந்தன.

அங்குச் சைரஸ் ஃபிஸ்கே என்னும் அறிஞரோடு இணைந்து, குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளந்தறியும் முறையை வகுத்து 1925இல் வெளியிட்டார். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று இருவர் பெயராலும் அது வழங்குகிறது. அதே அளவுகோலைக் கொண்டு தசையை ஆராய்ந்தபோது, அதுவரை எவரும் எதிர்பாராத சேர்மங்கள் புலப்பட்டன. 1927இல் பாஸ்போகிரியேட்டினையும், 1929இல் ஏ.டி.பி. என்னும் அடினோசின் டிரைபாஸ்பேட்டையும் அவ்விருவரும் உலகிற்கு அறிவித்தனர். அதே 1929இல் செருமனியில் கார்ல் லோமன் என்பவரும் தனித்து ஏ.டி.பி.யைக் கண்டறிந்தார். தசைச் சுருக்கத்திற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்றிருந்த அக்காலக் கருத்து ஆட்டங்கண்டது.

உயிரணுவைச் சூழ்ந்து மெல்லிய சவ்வு காவல் செய்கிறது. உள்ளே உட்கரு மரபுச் செய்தியைக் காக்கிறது. மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள், உணவிலிருந்து வந்த சத்தை உயிர்வளியின் துணையால் சிதைத்து, வெளிப்படும் ஆற்றலை ஏ.டி.பி.யில் சேர்த்து வைக்கின்றன. ஏ.டி.பி. ஒரு பாஸ்பேட்டை இழக்கும்போது அவ்வாற்றல் வெளிப்பட்டுத் தசை சுருங்குகிறது. ஏ.டி.பி. கைச்செலவுப் பணம் என்றால், பாஸ்போகிரியேட்டின் மடியில் முடிந்து வைத்த பணம். கைப்பணம் குறைந்த நொடியிலேயே அது ஈடுசெய்கிறது. கரிசல் உழவரின் மண்வெட்டி உயர்வதன் கணக்கு இதுதான்.

நோய்க்கு மருந்து

1930இல் முனைவர் பட்டம் பெற்றும், ஆர்வர்டில் அவருக்கு நிலையான பணி வாய்க்கவில்லை. 1940இல் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, ஆய்வுப் பணிகளை வழிநடத்தினார். அவர்தம் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தொகுத்து 1945இல் அறிவித்தது. உயிரணு இரண்டாகப் பிரியுமுன் உட்கருவிலுள்ள டி.என்.ஏ.வுக்குப் படியெடுக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. அது குறைந்தால் எலும்பு மச்சையில் குருதியணுக்கள் முதிர்ச்சியடையா. குடற்சுவரின் அணுக்களும் புதுப்பிக்கப்படா. ஸ்புரூ நோயாளிகள் அம்மருந்தால் தேறினர். உடன்பிறந்தாரைப் பறித்த நோய்க்குரிய மருந்து, கால் நூற்றாண்டு கடந்து, அண்ணன் தம்பியைக் காக்க இயலாத அவர்தம் ஆய்வுக்கூடத்திலேயே உருவாயிற்று.

ஃபோலிக் அமிலம் உயிரணுவைப் பெருக்குமானால், அதனைத் தடுக்கும் பொருள் கட்டின்றிப் பெருகும் புற்றணுவை ஒடுக்கக்கூடும் அல்லவா? அவ்வழியில் உருவான அமினோப்டெரினை, சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அளித்தார். நோய் முற்றும் நீங்காவிடினும், சில காலமேனும் தணிந்தது. அதன் உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. யானைக்கால் நோய்ப் புழுக்களை அழிக்கும் டைஎத்தில்கார்பமசினும், ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும் அவர் வழிநடத்திய ஆய்வுக்கூடத்தில் பிறந்தவையே.

மறைவும் நிலைபேறும்

தாய்நாட்டை மீண்டும் காணாமலே, 1948 ஆகஸ்டுத் திங்களில், தம் 53ஆம் அகவையில் நியூயார்க்கில் சுப்பாராவ் மறைந்தார். கணவரின் வருகைக்காக இந்தியாவில் காத்திருந்த மனைவியின் காத்திருப்பு நிறைவேறவில்லை. அறிவுலகம் பெற்ற பயனுக்கு அவ்வம்மையார் கொடுத்த விலையும் பெரிது. வாழ்ந்த காலத்தில் பெரும்பரிசு எதுவும் அவரை நாடி வரவில்லை. நூற்றாண்டு நிறைவாகிய 1995இல் இந்திய அரசு அவர்க்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

ஆயினும், திருச்சுழிப் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருவுற்ற தாய் பெறும் மாத்திரையிலும், வாரந்தோறும் பள்ளியில் மாணவியர்க்கு வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையிலும் ஃபோலிக் அமிலம் கலந்திருக்கிறது. அதை விழுங்குவோர்க்கு அவர் பெயர் தெரியாதிருக்கலாம். அவர்தம் உயிரணுக்கள் அவ்வுழைப்பின் பயனைப் பெறுகின்றன. பெயரை விரும்பாது பயனை விரும்பிய ஒருவர்க்கு இதனினும் தக்க நினைவுச்சின்னம் வேறில்லை.