லூயி பிரெயில்

பிரெஞ்சு நாட்டின் தலைநகராகிய பாரிசு மாநகருக்குக் கிழக்கே கூவ்ரே என்னும் சிற்றூர் இருக்கின்றது. அவ்வூரில் குதிரைச் சேணம் செய்து வாழ்ந்த எளிய குடும்பம் ஒன்றில், 1809ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் லூயி பிரெயில் பிறந்தார். அவர் மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது, தந்தையாரின் பட்டறையில் தோலைத் துளைக்கும் கூரிய கருவி ஒன்றை எடுத்து விளையாடினார். அது தவறிக் கண்ணிற் பாய்ந்தது. புண்ணின் நச்சு மற்றொரு கண்ணையும் பற்றியது. ஐந்து வயதளவில் அவருடைய இரு கண்களும் ஒளி இழந்தன.

அக்காலத்தில் பார்வையற்றோர் பலர் இரந்தே உயிர் வாழ்ந்தனர். தம் மகனை அந்நிலைக்கு விட்டுவிடப் பெற்றோர் உடன்படவில்லை. அவ்வூர்க் கோயிற் குருவாகிய பாலுயி அடிகளார் சிறுவனுக்குத் தாமே ஆசிரியரானார். இளமையில் வேரூன்றிய கிறித்தவப் பற்று லூயியின் வாழ்நாள் முழுவதும் நிலைத்து நின்றது.

1819ஆம் ஆண்டில், பத்தாம் வயதில், லூயி பாரிசிலுள்ள பார்வையற்ற இளைஞர் பள்ளியிற் சேர்ந்தார். அங்கிருந்த நூல்களில் வழக்கமான எழுத்துகளே பெரியனவாகப் புடைத்து அச்சிடப்பட்டிருந்தன. அவற்றைத் தடவிப் படிக்க நெடுநேரம் ஆகும். அவ்வாறு எழுதவோ இயலாது. 1821ஆம் ஆண்டில், படைத்துறையில் இருந்த சார்லசு பார்பியே என்பவர் புள்ளிகளால் எழுதும் முறையொன்றை அப்பள்ளிக்கு அறிமுகப்படுத்தினார். அதில் ஒரு குறிக்குப் 12 புள்ளிகள் வரை வேண்டியிருந்தமையால், அது விரல் நுனியில் அடங்கவில்லை. லூயி ஓய்வு நேரமெல்லாம் முயன்று, பதினைந்தாம் வயதில் 6 புள்ளிகளே போதும் என்று கண்டார். அவற்றை மாற்றி மாற்றி அமைத்தால் 63 வடிவங்கள் கிடைக்கும். எழுத்து, எண், இசைக்குறி ஆகிய அனைத்தும் அவற்றுள் அடங்கின. கூர்முனைக் கருவியால் தாளிற் குத்தி எழுதி, அதைத் திருப்பித் தடவிப் படிக்கலாம். கண்ணைப் பறித்தது போன்றதொரு கருவியே கல்வி தரும் கருவியாயிற்று.

1829ஆம் ஆண்டில் அவர் இம்முறையை நூலாக வெளியிட்டார். 1833ஆம் ஆண்டில் அப்பள்ளியிலேயே ஆசிரியரானார். பாரிசுத் திருக்கோயிலில் ஆர்கன் என்னும் இசைக்கருவியை வாசிக்கும் பணியும் அவருக்குக் கிடைத்தது. அந்நிலையில் காசநோய் அவரைப் பற்றியது. இருமலும் குருதிப் போக்கும் அவர் உடலை உருக்கின. கற்பித்தலைக் குறைத்துக்கொள்ளவும், அவ்வப்போது பிறந்த ஊருக்குச் சென்று தங்கவும் நேர்ந்தது.

நோயினும் கொடிய சோதனை பின்னர் வந்தது. 1840ஆம் ஆண்டில் பள்ளித் தலைவரான துபோ என்பவர் புள்ளியெழுத்தை விலக்கினார். தனியெழுத்து, பார்வையற்றோரைப் பிறரிடமிருந்து பிரித்துவிடும் என்று கண்ணுடையார் பலர் கருதினர். ஆயினும், அதன் பயனை விரலால் உணர்ந்திருந்த மாணவர்கள் அதனை மறைவாகப் பயின்று வந்தனர். லூயி யாரிடமும் பகைமை பாராட்டவில்லை. கண்ணுடையாரும் படிக்கும்படி பார்வையற்றோர் மடல் எழுதுவதற்கு ஏற்ற வேறொரு புள்ளிமுறையையும் அவர் முன்னரே, 1839ஆம் ஆண்டில், அமைத்துத் தந்திருந்தார். 1844ஆம் ஆண்டில், பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழாவில், தடை நீங்கிய புள்ளியெழுத்தின் ஆற்றல் அனைவர் முன்னிலையிலும் விளக்கிக் காட்டப்பெற்றது.

1851ஆம் ஆண்டின் இறுதியில் நோய் முற்றியது. திருச்சபை அளிக்கும் இறுதி அருளடையாளங்களைப் பெற்று, அவர் அமைதியோடு இறப்பை எதிர்நோக்கியிருந்தார். 1852ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. திறவாமல் எரிக்குமாறு அவர் சொல்லியிருந்த சிறு பேழை ஒன்றிருந்தது. அதனைத் திறந்தபோது, மாணவர்கள் அவரிடம் கடன்பெற்று எழுதித் தந்த சீட்டுகள் உள்ளே காணப்பட்டன. தாம் இறந்தபின் அக்கடன்கள் எவரையும் வருத்தலாகாது என்பதே அவர் எண்ணம்.

இரண்டாண்டுகள் கழித்தே, 1854ஆம் ஆண்டில், பிரெஞ்சு நாடு அவருடைய எழுத்துமுறையை ஏற்றது. 1951ஆம் ஆண்டில் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுக்கப்பட்ட பாரதி பிரெயில் முறையும் அதன் வழிவந்ததே. இன்று தமிழ் நூல்களையும் அந்த 6 புள்ளிகளால் பார்வையற்றோர் பயில்கின்றனர்.

1952ஆம் ஆண்டில் அவருடைய எலும்புகள், நாட்டின் சான்றோர் துயிலும் பாந்தியோன் மண்டபத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. கைகளின் எலும்புகள் மட்டும் கூவ்ரேயிலேயே விடப்பட்டன. தம் துன்பத்தை எண்ணிச் சோர்ந்திராமல், பிறர் துன்பம் தீர உழைத்த அந்தக் கைகள், தாம் பிறந்த மண்ணிலேயே ஓய்வு கொள்கின்றன.