பல்லைப் பார்த்து வரலாறு சொன்னவர்: அலெஷ் ஹர்ட்லிச்கா

நாக்கு நுனியை மேல் வரிசை முன்பல்லுக்குப் பின்னால வச்சுத் தடவிப் பாருங்க. வழவழன்னு தட்டையா இருக்கா? இல்ல, ரெண்டு ஓரமும் வரப்பு மாதிரி எழும்பி, நடுவுல பள்ளமா இருக்கா? ரெண்டாவது வகைக்கு 'ஷவல் பல்'னு பேரு. கரி அள்ளுற ஷவல் மாதிரியே இருக்கும். சீனா, ஜப்பான், மங்கோலியா பக்கமும் அமெரிக்கப் பழங்குடி மக்களிடமும் இது ரொம்ப சகஜம். ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் குறைவு. இந்த வித்தியாசத்தை முறையா வகைப்படுத்தி 1920ல் கட்டுரையாக எழுதியவர்தான் நம்ம ஆளு, அலெஷ் ஹர்ட்லிச்கா.

1869ல் பொஹீமியாவில், இன்றைய செக் நாட்டின் ஹும்போலெட்ஸ் ஊரில் பிறந்தார். சிறுவனா இருக்கும்போதே குடும்பம் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தது. பகல்ல சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை, ராத்திரி பள்ளிக்கூடம். 19 வயசு வாக்கில் டைபாய்டு வந்து படுத்தார். வைத்தியம் பார்த்த டாக்டர்தான் மருத்துவம் படிக்கச் சொல்லி ஊக்கம் கொடுத்தார். 1892ல் பட்டம் வாங்கினார். அப்புறம் மனநல மருத்துவமனை ஒன்றில் வேலை. அங்கேதான் நோயாளிகளின் உடலை அளக்கத் தொடங்கினார். அளவெடுக்கும் முறையை ஒழுங்கா கத்துக்க 1896ல் பாரிஸ் போய், மனூவ்ரியே என்ற மானிடவியலாளரிடம் பயின்றார்.

1903ல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய அருங்காட்சியகத்தில் உடல்சார் மானிடவியல் பிரிவு தொடங்கப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்றவர் இவர். 1918ல் அந்தத் துறைக்கென்றே அமெரிக்காவில் ஒரு ஆய்விதழையும் தொடங்கினார். ஷவல் பல் கட்டுரை அதில்தான் வந்தது. முழு ஷவல், அரை ஷவல், லேசான சுவடு, இல்லவே இல்லை என்று பற்களை நாலு தரமாகப் பிரித்தார்.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேக்கலாம். பல் எனாமல்தான் நம்ம உடம்பிலேயே கடினமான பொருள். எலும்பு மக்கினாலும் பல் நிற்கும். ஒருமுறை உருவான பல் தேயும், சொத்தையாகும். ஆனா வடிவம் புதுசா மாறாது. அதனால யார் எங்கிருந்து வந்தாங்கன்னு தேட பல் நல்ல தடயம். அமெரிக்கப் பழங்குடி மக்களின் முன்னோர் ஆசியாவிலிருந்து பெரிங் ஜலசந்தி வழியா வந்தவர்கள் என்று ஹர்ட்லிச்கா சொன்னதற்கு இந்தப் பற்களும் ஒரு சான்று. அந்த முடிவு இன்றும் நிற்கிறது.

ஆனா அவர் சொன்ன எல்லாமே நிற்கல. மனிதர்கள் அமெரிக்காவுக்கு வந்து சில ஆயிரம் வருஷம்தான் ஆச்சுன்னு பிடிவாதமா வாதிட்டார். 1927ல் நியூ மெக்ஸிகோவின் ஃபோல்சம் என்ற இடத்தில், அழிந்துபோன காட்டெருமை இனத்தின் விலா எலும்புகளுக்கு நடுவே கல் ஈட்டிமுனை கிடைத்தது. பனியுகம் முடியும் காலத்திலேயே அங்கே ஆட்கள் இருந்தார்கள் என்று தெரிந்தது.

இதைவிட கனமான கணக்கு ஒன்று உண்டு. வெள்ளையர் உயர்ந்த இனம் என்று நம்பியவர் அவர். அந்த நம்பிக்கையோடுதான் எலும்புகளையும் மூளைகளையும் சேர்த்தார், பல நேரம் உரியவர்களின் சம்மதமே இல்லாமல். 1930களில் அலாஸ்காவின் கோடியாக் தீவில், லார்சன் பே என்ற ஊரில், நூற்றுக்கணக்கானவர்களின் எச்சங்களைத் தோண்டி வாஷிங்டனுக்கு எடுத்துப் போனார். அந்த ஊர் மக்கள் விடாமல் கேட்டுப் போராடி, 1991ல் அவற்றைத் திரும்பப் பெற்று அடக்கம் செய்தார்கள். மூளைச் சேகரிப்பு பற்றி 2023ல் செய்திகள் வந்தபோது ஸ்மித்சோனியன் தலைவர் மன்னிப்புக் கேட்டார்.

பல் மட்டும் அவர் நம்பிய இனக்கோட்டுக்குள் அடங்கல. நியாண்டர்தால் மனிதர்களுக்கும், பெய்ஜிங் அருகே சோவ்கோவ்தியன் குகையில் கிடைத்த ஆதிமனிதர்களுக்கும் ஷவல் பல் இருந்திருக்கிறது. இடார் என்ற மரபணுவில் வரும் ஒரே ஒரு எழுத்து மாற்றம் இன்றைய ஆசியர்களின் ஷவல் பல்லுக்கு முக்கியக் காரணம். அதே மாற்றம் தலைமுடியின் தடிமனையும் வியர்வைச் சுரப்பிகளின் எண்ணிக்கையையும் கூட்டுது. அறிவுக்கும் உயர்வு தாழ்வுக்கும் இதுல இடமே இல்ல. அதோட, எந்த மக்கள் கூட்டத்திலும் எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பல் கிடையாது. விகிதம்தான் மாறுது.

அளவு முறையும் மேம்பட்டது. 'அரை ஷவல்' எது என்பது பார்க்கிற ஆளைப் பொறுத்து மாறும் இல்லையா? நம்ம லேப்ல ரெண்டு பேர் ஒரே ரீடிங்கை வேற வேறயா எடுக்கிற கதைதான். அதனால பின்னால் வந்தவர்கள் பிளாஸ்டர் அச்சு மாதிரிகளைச் செய்து, எல்லா ஆய்வகமும் அதோடு ஒப்பிட்டே தரம் போடும்படி வைத்தார்கள். 1991ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வெளியான முறை இன்றும் புழக்கத்தில் இருக்கு.

ஹர்ட்லிச்கா 1943 செப்டம்பரில், 74 வயதில் இறந்தார். ராத்திரிப் பள்ளியில் படித்து ஒரு துறையையே கட்டியவர் என்று பாராட்டலாம், தப்பில்ல. ஆனா அளவு சரியா இருந்தா மட்டும் போதாது. அளக்கப்படுபவர் யார், அவர் சம்மதித்தாரா என்ற கேள்வியும் அந்த அளவிலேயே சேர்த்திதான். நாளைக்கு முகம், குரல், கைரேகை என்று டேட்டா சேகரிக்கப் போகிற நமக்கு இது பழைய கதை இல்ல.