புயலை முன்னறிவித்த குருவானவர்

பத்தாம் வகுப்பு மாணவி, பட்டினச்சேரி

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் பட்டினச்சேரியில் காலையில் எழுந்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: காரைக்கால் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள்? அதை அறிந்த பின்னரே தந்தையர் வலையைத் தொடுவர். இத்தகைய எச்சரிக்கைப் பணிக்காக நம் நாட்டில் முதன்முதலில் உழைத்தோருள் ஒருவர் அருட்தந்தை யூஜின் லாஃபோன்.

இவர் 1837ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் பெல்ஜியம் நாட்டின் மோன்ஸ் நகரில் பிறந்தார். 1854இல் இயேசு சபையில் சேர்ந்து, 1865இல் கல்கத்தா வந்து, தூய சவேரியார் கல்லூரியில் அறிவியல் ஆசிரியரானார். அதற்கு முந்தைய ஆண்டுதான், 1864 அக்டோபரில், பெரும்புயல் ஒன்று வங்கத்தைத் தாக்கியிருந்தது. கடல் ஹூக்ளி ஆற்றின் வழியே ஏறிவந்து ஏறத்தாழ 60,000 பேரைப் பலிகொண்டது. முன்கூட்டி மக்களுக்கு அறிவிக்கும் ஏற்பாடு அன்று இல்லை.

இளங்குருவானவர் கல்லூரி மாடியில் சிறிய வானிலைக் கூடம் ஒன்றை அமைத்தார். நாள் தவறாமல் வானிலையை அளந்து குறித்துவந்தார். புயல் நெருங்கும்போது காற்றழுத்தமானியில் பாதரசம் விரைந்து இறங்கும் என்பதை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். 1867 நவம்பரில் தம் குறிப்புகளைக் கொண்டு பெரும்புயல் வருவதை உணர்ந்த அவர், அதை ஏட்டில் எழுதியதோடு நிற்கவில்லை. உடனே அரசு அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். புயல் வந்தது, சேதமும் விளைந்தது. ஆயினும் அவரது எச்சரிக்கையால் பலர் உயிர் பிழைத்தனர். அதன்பின் அவருடைய வானிலைக் கணிப்புகள் கல்கத்தாவின் கத்தோலிக்க வார இதழில் தொடர்ந்து வெளிவந்தன. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையும் தோன்றியது.

தாம் அறிந்ததைப் பிறருக்குச் சொல்வதே அவர் வாழ்வின் நோக்கமாயிற்று. பொதுமக்களுக்காக அறிவியல் சொற்பொழிவுகள் ஆற்றினார். 1876இல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவியபோது துணைநின்றார். கம்பியில்லா அலைகளை ஆராய்ந்து புகழ்பெற்ற ஜகதீஷ் சந்திர போஸ் இவருடைய மாணவரே. 1908 மே 10ஆம் நாள் டார்ஜிலிங்கில் தந்தை லாஃபோன் இறைவனடி சேர்ந்தார்.

தோழியரே! 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது எங்கள் ஊருக்கு எவ்வித எச்சரிக்கையும் கிட்டவில்லை. அன்று இழந்தவர்களை எண்ணி எங்கள் தெருவில் இன்றும் கண்ணீர் விடாத வீடு அரிது. 2007 முதல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. காரைக்காலிலேயே வானிலை ரேடார் இருக்கிறது. துறைமுகக் கூண்டு, வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசிக் குறுஞ்செய்தி, ஊர் ஒலிபெருக்கி எனச் செய்தி பல வழிகளில் வருகிறது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணில் கேட்கலாம். மின்சாரம் நின்று கைப்பேசி ஓய்ந்தாலும் பாட்டரி வானொலி பேசும். ஆகவே மழைக்காலத்தில் வீட்டில் அது ஒன்று இருப்பது நல்லது.

ஆயினும் இவை எதுவும் எட்டாதவர் நம்மிடையே உண்டு. அடுத்த வீட்டுப் பாட்டிக்குக் காது கேட்பதில்லை; கைப்பேசியும் இல்லை. கூண்டின் எண்ணை அவரிடம் சொல்லி, கையைப் பிடித்து மேட்டுக்கு அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நாமாக இருப்போம். அதுவே தந்தை லாஃபோனுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.