அணுக்களை இணைத்த சீசர் மில்ஸ்டைன்

நோபல் பரிசு பெற்றவர் என்றால் வகுப்பில் முதல் மாணவராகத்தான் இருந்திருப்பார் என்று நாம் நினைப்போம். சீசர் மில்ஸ்டைன் அப்படிப்பட்டவர் அல்லர்.

1927 அக்டோபர் 8ஆம் நாள் அர்ஜென்டினாவின் பாகியா பிளாங்கா நகரில் அவர் பிறந்தார். தந்தை யூதக் குடியேறி, தாயார் ஆசிரியை. மூன்று பிள்ளைகளையும் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பியே தீர வேண்டும் என்று இருவரும் பாடுபட்டனர். நம் பெற்றோர் பலரின் கதையும் இதுதானே!

புவனோஸ் அயர்ஸ் பல்கலைக்கழகத்தில் மில்ஸ்டைன் சுமாரான மாணவர். மாணவர் சங்க வேலைகளில் மட்டும் முன்னே நிற்பார். ஆயினும் அங்கே ஒரு முனைவர் பட்டமும், 1960இல் கேம்பிரிட்ஜில் இன்னொன்றும் பெற்றார். 1961இல் தாயகம் திரும்பி ஆய்வுப் பிரிவொன்றுக்குத் தலைமையேற்றார். மறு ஆண்டே இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. சக ஆய்வாளர்கள் பழிவாங்கப்பட்டதைக் கண்டு பதவி துறந்து, 1963இல் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்றார்.

உடலில் கிருமி நுழைந்தால் பலவகை எதிர்ப்பொருள்கள் கலந்தே உருவாகும். ஒரே வகையை மட்டும் பெறுவது எப்படி? எதிர்ப்பொருளைச் சுரக்கும் மண்ணீரல் அணு ஆய்வுக்கூடத்தில் விரைவில் மடிந்துவிடும். புற்றணுவோ பெருகிக்கொண்டே இருக்கும். 1975இல் மில்ஸ்டைனும் ஜெர்மானிய இளைஞர் ஜார்ஜ் கோலரும் எலியின் இவ்விரு அணுக்களையும் இணைத்தனர். பிறந்த கலப்பணு ஒரே வகை எதிர்ப்பொருளை ஓயாமல் சுரந்தது.

சளிக்காய்ச்சல் வைரசின் மேற்புறத்தில் ஹீமாகுளுட்டினின், நியூராமினிடேஸ் என்னும் புரதங்கள் முள்போல் நிற்கின்றன. எச்1என்1 என்பதிலுள்ள எச், என் இவையே. இவை மாறிக்கொண்டே இருப்பதால் பழைய தடுப்பூசி பலனிழக்கிறது. பிலடெல்பியாவின் விஸ்டார் ஆய்வுக் கழகத்தில் வால்டர் கெர்ஹார்ட் குழுவினர், 1970களின் இறுதியில் இந்த ஒற்றை எதிர்ப்பொருள்களால் ஹீமாகுளுட்டினினைச் சோதித்தனர். ஒவ்வொன்றும் ஓர் இடத்தை மட்டுமே பற்றும். பற்றாமல் போனால் அவ்விடம் மாறிவிட்டது என்று பொருள்.

பிரிட்டன் இம்முறைக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. மில்ஸ்டைன் கேட்டவர்க்கெல்லாம் தம் அணுக்களை அனுப்பினார். அவற்றைப் பெற்ற விஸ்டார் கழகமோ வைரஸ் எதிர்ப்பொருள்களுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. பிரிட்டனில் பெரும் சர்ச்சை எழுந்தது.

1984இல் கோலர், நீல்ஸ் யெர்னே ஆகியோருடன் நோபல் பரிசு பெற்ற மில்ஸ்டைன், 2002 மார்ச் 24ஆம் நாள் கேம்பிரிட்ஜில் மறைந்தார்.

காப்புரிமைக் கதையைவிட 1962தான் என்னை அதிகம் உறுத்துகிறது. படித்து முடித்து ஊர் திரும்பியவரை ஊர் தக்கவைத்துக்கொள்ளவில்லை. வெளிநாடு போன நம் சீனியர்களை நன்றி கெட்டவர்கள் என்று பேசும்போது இதையும் நினைக்க வேண்டும்.

சங்க வேலை படிப்பைக் கெடுக்கும் என்று வீட்டில் சொன்னால், நண்பர்களே, இவர் கதையைச் சொல்லுங்கள். இரண்டு முனைவர் பட்டம் வாங்கியதையும் மறைக்காமல் சொல்லுங்கள்!