காற்றைக் கடைத்தெருவுக்கு அழைத்து வந்த ஆசிரியர்

ஒரு கண்ணாடித் தம்ளர் நிறையத் தண்ணீர். அதன் வாயை மூடி ஒரு தபால் அட்டை. அட்டையை உள்ளங்கையால் பிடித்தபடி தம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்து, மெல்லக் கையை எடுத்தால் என்ன ஆகும்? தண்ணீர் கொட்டப் போகிறது என்று எங்கள் வகுப்பில் முன் வரிசையில் இருந்தவர்கள் புத்தகங்களை அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தோம். ஆனால் அட்டை விழவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீரும் சிந்தவில்லை. காற்று கீழிருந்து அட்டையைத் தாங்கி நின்றது!

ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பையும் காற்று ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. ஒரு தபால் அட்டையின் மீது அது 100 கிலோவுக்கும் மேல். ஒரு தம்ளர் தண்ணீர் அதற்கு எம்மாத்திரம்? இப்படிக் கண்ணெதிரே செய்து காட்டிய பிறகுதான் அறிவியல் சிஸ்டர் ஒருவரின் பெயரைச் சொன்னார்கள். அவர்தாம் ருச்சி ராம் சாஹ்னி. லக்னோவில் தொல்தாவர ஆய்வு நிறுவனத்தை நிறுவிய புகழ்பெற்ற விஞ்ஞானி பீர்பால் சாஹ்னியின் தந்தை. மகனை அறிந்தவர் பலர்; தந்தையை அறிந்தவர் சிலரே. அவர் வரலாற்றை அறிந்தபோது, நம் பள்ளி மலரில் எழுதியே ஆகவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது.

1863ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், சிந்து நதிக்கரையில் உள்ள டேரா இஸ்மாயில்கான் என்னும் ஊரில் அவர் பிறந்தார். அவ்வூர் இன்று பாகிஸ்தானில் உள்ளது. தந்தை வாணிகர். செல்வமாக வாழ்ந்த குடும்பம் வாணிகம் நொடித்ததால் வறுமையில் வீழ்ந்தது. தந்தையும் மறைந்தார். ஆயினும் சிறுவன் படிப்பை விடவில்லை. புத்தக மூட்டையை முதுகில் சுமந்துகொண்டு, கால்நடையாகவே நெடுந்தொலைவு சென்று படித்தார் என்று அவர் குடும்ப வரலாற்றை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். பேருந்து சற்றுத் தாமதமானாலே முகம் சுளிக்கும் எங்களுக்கு இதைப் படித்ததும் வெட்கமாக இருந்தது.

லாகூர் அரசினர் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், 1885ஆம் ஆண்டு இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். அத்துறையின் தலைவராக இருந்தவர் ஹென்றி பிளான்போர்டு என்னும் ஆங்கிலேயர். பல ஊர்களிலிருந்து தந்தி மூலம் வரும் காற்றழுத்த அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அன்றாட வானிலை அறிக்கை தயாரிப்பது இளைஞர் சாஹ்னியின் வேலை.

காற்றழுத்தத்தை அளக்கும் கருவியே பாரமானி. அதில் பாதரசம் சாதாரணமாகக் கடல் மட்டத்தில் 76 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். புயல் நெருங்கினால் காற்றழுத்தம் குறையும், பாதரசமும் இறங்கும். அந்த 1885ஆம் ஆண்டு செப்டம்பரில் வங்கக் கடலோரத்திலிருந்து வந்த எண்களில் அத்தகைய இறக்கத்தைச் சாஹ்னி கண்டார். கடலைவிட்டு வெகு தூரத்தில், சிம்லா மலைமேல் அமர்ந்திருந்த 22 வயது இளைஞர் அவர். வேலைக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. ஆயினும் கடும்புயல் வருகிறது என்று துணிந்து கூறினார். துறைமுகங்களுக்கு எச்சரிக்கைத் தந்திகள் பறந்தன. செப்டம்பர் 22ஆம் நாள் ஒரிசாக் கடற்கரையில் பால்ஸ் பாயின்ட் என்னும் இடத்தில் புயல் கரை ஏறியது. அங்கிருந்த பாரமானியில் பாதரசம் ஏறத்தாழ 69 சென்டிமீட்டருக்கு இறங்கிவிட்டது.

எச்சரிக்கை பெற்ற கப்பல்கள் ஒதுங்கி நிற்க முடிந்தது. ஆனால் 20 அடிக்கும் மேல் எழுந்த கடல் கரையோர ஊர்களுக்குள் புகுந்து ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போயிற்று. தந்திக் கம்பி சென்ற இடத்துக்குச் செய்தி சென்றது. கம்பி செல்லாத குடிசைக்குச் செய்தி சொல்ல யார் இருந்தார்கள்? சொல்லியிருந்தாலும் பாரமானி என்றால் என்னவென்று அவர்களுக்கு யார் கற்பித்திருந்தார்கள்? இந்த இடத்தைப் படித்தபோது எங்கள் மனம் கனத்தது.

சாஹ்னியின் பிற்கால வாழ்வு இந்தக் கேள்விக்கு விடைபோலவே அமைந்தது. 1887ஆம் ஆண்டு அவர் வானிலைத் துறையை விட்டு, தாம் படித்த லாகூர் கல்லூரிக்கே ஆசிரியராகத் திரும்பினார். அதற்குள் பேராசிரியர் ஓமன் என்பவரோடு சேர்ந்து பஞ்சாப் அறிவியல் கழகத்தைத் தொடங்கியிருந்தார். கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் பாடம் சொல்லி அவர் நிறைவடையவில்லை. மாலை வேளைகளில் கடைக்காரர்களும் தொழிலாளர்களும் கூடும் இடங்களுக்குச் சென்று சொற்பொழிவாற்றினார். சிறு ஊர்களுக்கும் பயணம் போனார். ஆங்கிலத்தில் அன்று, மக்கள் வீட்டில் பேசும் பஞ்சாபி மொழியில். வெறும் பேச்சும் அன்று. ஒவ்வொன்றையும் கண்ணெதிரே செய்து காட்டினார். தூய காற்று, குடிநீர், மின்சாரம், சோப்பு செய்யும் முறை என்று அன்றாட வாழ்க்கைக்குரிய பொருள்களே அவர் தலைப்புகள். இவ்வாறு 500க்கும் மேற்பட்ட சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். கேட்க வந்தவர்கள் நுழைவுக் கட்டணம் கொடுத்தும் வந்தார்கள் என்பது வியப்புக்குரியது.

இன்னொரு குறையும் அவர் கண்ணில் பட்டது. பள்ளிகளில் சோதனைக் கருவிகள் இல்லை. எல்லாம் சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டும். விலையோ மிக அதிகம். எனவே 1888ஆம் ஆண்டு அல்லா பக்ஷ் என்ற கைத்தேர்ந்த மிஸ்திரியைத் துணைக்கொண்டு ஒரு பட்டறை தொடங்கினார். அங்கே செய்த கருவிகள் பள்ளிகளுக்குக் குறைந்த விலையில் சென்றன. 1893ஆம் ஆண்டு புனேயில் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது, நம் நாட்டில் செய்தவையா இவை என்று பார்த்தவர்கள் ஐயுற்றார்களாம். பிள்ளைகள் கையால் தொட்டுக் கற்க வேண்டும் என்பதற்காகக் கருவியையே செய்து தந்த ஆசிரியர் அவர்!

தாமும் கடைசிவரை மாணவராகவே இருந்தார். 50 வயது கடந்த பின், 1914இல் ஐரோப்பா சென்று, மான்செஸ்டரில் புகழ்பெற்ற ரூதர்போர்டின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தார். 1918இல் ஓய்வு பெற்ற பின்னர் நாட்டு விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டு, ஆங்கில அரசு தந்த பட்டத்தைத் துறந்தார். நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948 ஜூன் 3ஆம் நாள், இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் வரலாறு எங்களைச் சும்மா இருக்க விடவில்லை. பழையசீவரத்தைச் சுற்றியுள்ள பாலாற்றங்கரைக் கிணறுகளில் கோடை வந்தால் மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கி வைப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஏன் என்று நாங்கள் கேட்டதே இல்லை. இப்போது தெரிகிறது. மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை. குழாயில் காற்றை அகற்றுகிறது. வெளிக்காற்றுதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்தக் காற்றால் கணக்குப்படி 10 மீட்டருக்கு மேல் தள்ள முடியாது. நடைமுறையில் 25 அடியே பெரிது. எங்களுள் ஒருத்தியின் தாத்தா 40 ஆண்டுகளாக மோட்டாரை இறக்கி ஏற்றியவர். காரணத்தைப் பேத்தி சொன்னபோது, இத்தனை நாளும் காற்றா எனக்கு வேலை செய்தது என்று வியந்து, தம்ளர் சோதனையைத் தாமே இரண்டு முறை செய்து பார்த்தார். முதல் முறை வேட்டி நனைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்!

இப்போது எங்கள் வகுப்புத் தாழ்வாரத்தில், வெயில் படாத மூலையில் ஒரு பாட்டில் இருக்கிறது. அதன் வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டி, அதன்மேல் ஒரு குளிர்பானக் குழலை ஒட்டியிருக்கிறோம். காற்றழுத்தம் கூடினால் குழலின் முனை உயரும், குறைந்தால் தாழும். வெப்பம் மாறினாலும் அது ஏமாற்றும் என்பதால், அருகிலேயே வெப்பமானியும் வைத்து நாள்தோறும் குறித்து வருகிறோம். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னைக்கருகே கரை கடந்தபோது நாங்கள் சிறு குழந்தைகள். கூரைகள் பறந்ததும் அம்மாவின் மடியில் முகம் புதைத்ததும் மட்டுமே நினைவில் உள்ளன. அடுத்த புயல் வரும்போது எங்கள் பாட்டிலை நம்பி யாரும் இருக்க வேண்டாம். வானொலி சொல்வதையே கேட்க வேண்டும். ஆனால் வானொலி சொல்லும் காற்றழுத்தத் தாழ்வு என்ன என்பதை எங்கள் தெருவில் எடுத்துச் சொல்ல இனி நாங்கள் இருக்கிறோம்.

அன்புத் தோழியரே, கற்றதைத் தேர்வுத்தாளில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். அதையே பக்கத்து வீட்டுக்கு எடுத்துச் சென்றால் ஒருவேளை ஓர் உயிரே காக்கப்படும். இறைவன் நம்மைச் சுற்றி வைத்த காற்றுக்குக் கட்டணம் இல்லை. ஒரு தம்ளரும் ஒரு தபால் அட்டையும் எல்லார் வீட்டிலும் கிடைக்கும். இன்று மாலையே உங்கள் தம்பி தங்கையரை அருகே அழைத்துத் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டுங்கள். ஒரு துணியை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்!

– பத்தாம் வகுப்பு மாணவியர்