செல் பிரிவை நிறுத்திய தாவர நஞ்சும் ஜானகி அம்மாளும்

ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியிலிருந்து புற்றுநோய் சிகிச்சைக்காகப் பெங்களூரு கித்வாய் மருத்துவமனைக்குச் சென்று வரும் குடும்பங்களை நாம் அறிவோம். ஒருபுறம் சிகிச்சை நடக்க, மறுபுறம் உறவினர்கள் பச்சிலைச் சாறு, கிழங்கு என்று யோசனை சொல்வதும் நமக்குப் புதிதல்ல. தாவரத்தில் மருந்து உண்டா? உண்டு. ஆனால் அது எத்தகைய மருந்து என்பதை அறிய, தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளின் வாழ்க்கை நமக்கு உதவும்.

1897-இல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். பெண்கள் பள்ளிக்கூடம் செல்வதே அரிதாக இருந்த காலத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பின் இங்கிலாந்து சென்றார். அங்கு டார்லிங்டனுடன் இணைந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து 1945-இல் நூலாக வெளியிட்டார்.

பிறகு விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகள் மீது கோல்கிசின் என்ற தாவர நஞ்சைச் செலுத்தி ஆய்வு செய்தார். செல் இரண்டாகப் பிரியும்போது, நுண்ணிய இழைகள் குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்லும். கோல்கிசின் அந்த இழைகளை உருவாக விடாது. குரோமோசோம்கள் இரட்டித்தும் செல் பிரியாமல் நின்றுவிடும். அவ்வாறு உருவான மக்னோலியா வகை ஒன்று இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இந்தக் கோல்கிசின், யுனானி மருத்துவர்கள் சூரிஞ்சான் என்று அழைக்கும் செடியில் உள்ளது. இப்னு சீனா அதைக் கீல்வாதத்திற்குப் பரிந்துரைத்தார். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் இதே நஞ்சுதான் இருக்கிறது.

ஜானகி அம்மாள் புற்றுநோய் ஆய்வாளர் அல்லர். ஆனால் அவர் செடிகளில் கண்ட அதே செல் தடுப்புதான் பின்னர் புற்றுநோய் சிகிச்சையிலும் பயன்பட்டது. 1958-இல் கனடாவில் நோபிள், பீர் ஆகியோர் நித்தியகல்யாணியிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தனர். அவர்கள் தேடியது நீரிழிவு மருந்தை. கண்டதோ இரத்த வெள்ளணுக்களைக் குறைக்கும் பொருளை. அதே செடியின் வின்கிரிஸ்டின் இன்று குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு முக்கிய மருந்து. இரண்டுமே செல் பிரிவுக்கான அந்த இழைகளைத்தான் தாக்குகின்றன.

கோல்கிசினோ புற்றுநோய் மருந்தாகவில்லை. பலன் தரும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதே காரணம். செங்காந்தள் கிழங்கைத் தின்று உயிரிழந்தவர்கள் தமிழகத்தில் உண்டு. புற்றுச் செல்லைத் தடுக்கும் பொருள் எலும்பு மஜ்ஜையையும் குடலையும் தாக்கும். ஆகவேதான் மருத்துவர்கள் மில்லிகிராம் கணக்கில் அளந்து, இரத்தப் பரிசோதனை செய்து ஏற்றுகிறார்கள். கையால் கசக்கிய சாற்றில் அந்த அளவை யாரால் கணக்கிட முடியும்?

1951-இல் நேருவின் அழைப்பை ஏற்று நாடு திரும்பிய ஜானகி அம்மாள், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைத்தார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இறுதிக் காலத்தைச் சென்னை மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் மூலிகைச் செடிகளை வளர்த்து ஆராய்வதில் கழித்து, 1984-இல் அங்கேயே காலமானார்.

மூலிகையை அவர் நேசித்தார், ஆராயாமல் நம்பவில்லை. நம் வீட்டு நோயாளி விஷயத்திலும் அதுவே நமக்கு வழி. தொடங்கிய சிகிச்சையை நிறுத்த வேண்டாம். எந்த மூலிகையானாலும் மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.